காற்றா? நைட்ரஜனா?

(மோட்டார் ஓட்டும் தோழர்கள் கூடிய ஒரு கூட்டத்தில் செய்த சொற்பொழிவு)

இன்று இங்கு நாம் பேச எடுத்துக் கொண்டிருக்கும் விஷயம் மிகவும் அற்பமான விஷயம் என்று உங்களில் சிலருக்குத் தோன்றலாம். மோட்டார் வண்டியின் டயருக்குள் சாதாரணக் காற்றை அடைப்பதா, அல்லது காசு கொடுத்து நைட்ரஜன் வாயுவை அடைப்பதா என்பதுதான் அந்த விஷயம். "இதற்கு ஒரு கூட்டமா? இதற்கு ஒரு பிரசங்கமா?" என்று ஒரு தோழர் வாசலிலேயே நம்மைக் கேட்டு விட்டார். அவருக்கு நாம் சொல்லும் பதில் இதுதான். மனிதன் தன் உயிரையும், தன் மனைவி மக்களின் உயிரையும், கூலி கொடுத்து ஏறியவர்களின் உயிரையும் நான்கு ரப்பர் வளையங்களின் மேல் ஏற்றி வைத்துக் கொண்டு மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகின்றான். அந்த வளையங்களுக்குள் என்ன இருக்கின்றது, எவ்வளவு இருக்கின்றது என்று யோசிப்பது அற்ப விஷயமானால், பின் பெரிய விஷயம்தான் எது என்று கேட்கின்றோம்.

அன்றியும், இந்த விஷயத்தைப் பேசும்படி நம்மைத் தூண்டியது ஒரு சம்பவமாகும். நமக்குத் தெரிந்த ஒரு தோழர் வாடகைக் கார் ஓட்டிப் பிழைக்கின்றவர்; யோக்கியர்; குடிக்காதவர்; வண்டியைத் துடைத்துத் துடைத்துக் கண்ணாடி போல் வைத்திருப்பவர். அவர் தம் வண்டியின் நான்கு சக்கரங்களுக்கும் நைட்ரஜன் அடைத்து, வால்வுக்குப் பச்சை மூடியும் போட்டுக் கொண்டார். அடைத்துக் கொடுத்த இடத்தில் "இனி ஆறு மாதத்துக்குத் தொட வேண்டியதில்லை, வெயிலிலும் வெடிக்காது" என்று சொன்னார்களாம். அவரும் அப்படியே நம்பி ஏழு மாதம் வரை டயரில் கேஜ் வைத்துப் பார்க்கவே இல்லை. ஒரு நாள் தம் குடும்பத்தையே ஏற்றிக் கொண்டு வெளியூர் போகும்போது, பட்டப் பகலில், நால்வழிச் சாலையில் பின் சக்கரம் வெடித்து, வண்டி நடுத் தடுப்பில் மோதி, அவருடைய பெண் குழந்தைக்குக் கை முறிந்து போயிற்று. பிறகு அந்த டயரைப் பிரித்துப் பார்த்தபோது உள்ளே சிறிய ஆணி ஒன்று வெகு நாளாகக் குத்திக் கொண்டிருந்தது தெரிந்தது. ஆஸ்பத்திரியில் அவரைப் பார்க்கப் போன நம்மிடம் அவர் சொன்ன முதல் வார்த்தை, "நைட்ரஜன் போட்டிருந்துமா வெடித்து விட்டது?" என்பதேயாகும்.

தோழர்களே! அந்தக் கேள்வியில் இருக்கும் குற்றத்தைச் சற்று யோசித்துப் பாருங்கள். அவர் சோம்பேறி அல்ல. அவரைக் கெடுத்தது நம்பிக்கை. ஆணி குத்திய ஓட்டை வழியாக, "நீ காற்றா, நைட்ரஜனா?" என்று கேட்டு விட்டா வாயு வெளியே போகின்றது? புது வண்டி வாங்கியதும் சக்கரத்தின் அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குகிறவனைக் கண்டு நாம் சிரிக்கின்றோம். ஆனால் அதே சக்கரத்தின் வால்வில் பச்சை மூடியை மாட்டி விட்டு, இனி பார்க்க வேண்டியதில்லை என்று இருந்து விடுகிறோமே, இதற்கும் அதற்கும் என்ன வித்தியாசம்? பழம் என்றால் மூடத்தனம், வாயு என்றால் விஞ்ஞானம் என்று பெயரை மட்டும் பார்த்துத் தீர்மானிப்பது பகுத்தறிவு ஆகாது. ஆராயாமல் நம்பினால் விஞ்ஞானமும் தாயத்துத்தான்.

ஆனால் ஒன்று. நைட்ரஜன் என்பது முழுப் புரட்டு என்றும் நாம் சொல்ல வரவில்லை. விற்கிறவன் சொல்வதை எல்லாம் நம்புவது எவ்வளவு தவறோ, அவ்வளவு தவறு விற்கிறவன் சொல்வதெல்லாம் பொய் என்று கண்ணை மூடிக் கொண்டு சொல்வதும். ஆகையால் ஒவ்வொரு பேச்சாக எடுத்துக் கொண்டு, இதில் உண்மை எவ்வளவு, மிகை எவ்வளவு என்று அளந்து பார்ப்போம்.

முதலில், காற்று என்பது என்ன? நாம் சுவாசிக்கும் காற்றில் 100-க்கு 78 பங்கு நைட்ரஜன்தான். 21 பங்கு பிராணவாயு. மீதி ஒரு பங்குக்குள் ஆர்கானும், கரியமில வாயுவும், மற்றச் சில்லறை வாயுக்களும் அடங்கி விடும். இது தவிர, இடத்துக்கும் நாளுக்கும் தக்கபடி கொஞ்சம் ஈரம் இருக்கும். ஆகவே பஞ்சர் கடையில் கம்ப்ரஸர் வைத்துக் காற்று அடித்துக் கொண்டு போகின்றவனும் முக்கால் பங்குக்கு மேல் நைட்ரஜனையே அடைத்துக் கொண்டு போகின்றான். அதற்கு அவனிடம் யாரும் பச்சை மூடி கொடுப்பதில்லை, அவ்வளவுதான். சரி, பங்கில் இருக்கும் நைட்ரஜன் இயந்திரம் அந்த வாயுவை எங்கிருந்து கொண்டு வருகின்றது? அதே முற்றத்துக் காற்றை உறிஞ்சி, அதிலுள்ள பிராணவாயுவையும் ஈரத்தையும் பெரும்பாலும் பிரித்துத் தள்ளி விட்டு, மீதியைத்தான் கொடுக்கின்றது. இதில் மாயம் ஒன்றுமில்லை.

இனி, "நாம் அடைத்துக் கொண்டது சுத்த நைட்ரஜன்" என்று பெருமைப்படுகிறவர்கள் ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். டயர் அழுத்தத்தைச் சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்று அளக்கிறார்கள்; கேஜில் பி.எஸ்.ஐ. என்று போட்டிருப்பது அதுதான். டயரிலிருந்து காற்றை எல்லாம் இறக்கி விட்டோம், கேஜ் சைபர் காட்டுகின்றது என்றாலும் உள்ளே வெற்றிடம் ஏற்பட்டு விடுவதில்லை. வெளியில் இருக்கும் அதே 14.7 பவுண்டு அழுத்தத்தில் உள்ளேயும் பழைய காற்று இருந்து கொண்டேதான் இருக்கும். அதன் மேல் 32 பவுண்டு நைட்ரஜன் ஏற்றினால் மொத்தம் 46.7. அதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பாகம் பழைய காற்றே. ஆகவே இயந்திரம் கொடுப்பது கலப்பற்ற நைட்ரஜனாகவே இருந்தாலும், ஒரு தடவை அடைத்தால் டயருக்குள் இருப்பது 93 பங்கு நைட்ரஜன்தான். மறுபடியும் இறக்கி மறுபடியும் அடைத்தால்தான் 97, 98 என்று ஏறும்.

இது முழுவதும் இறக்கி அடைத்தவருடைய கதை. அநேகர் செய்வது என்ன? 28 பவுண்டு காற்று இருக்கும் டயரில், மேலே 4 பவுண்டு நைட்ரஜன் ஏற்றிக் கொண்டு, கேட்ட காசைக் கொடுத்து விட்டு வருகிறார்கள். அதனால் டயருக்குள் 78 பங்காக இருந்த நைட்ரஜன் எவ்வளவாக உயர்கின்றது தெரியுமா? 80 பங்கு! 78-க்கும் 80-க்கும் உள்ள வித்தியாசத்துக்காக நாம் பணம் கொடுக்கின்றோம் என்று தெரிந்தால் எத்தனை பேர் கொடுப்பார்கள்?

இனி நைட்ரஜனுக்குச் சொல்லப்படும் பெருமைகளைப் பார்ப்போம்.

முதலாவது, நைட்ரஜன் சீக்கிரம் குறையாது என்பது. இது உண்மை. ரப்பர் நம் கண்ணுக்கு இறுகிய வஸ்துவாகத் தெரிந்தாலும் வாயுவுக்கு அது சல்லடை. அதன் வழியாகப் பிராணவாயு நைட்ரஜனைக் காட்டிலும் வேகமாகக் கசிந்து வெளியே போகும். ஆனால் எவ்வளவு வித்தியாசம் என்பதுதானே கேள்வி? இதை வெறும் பேச்சாக விடாமல் அளந்தே பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் வாங்குவோர் நலனுக்காக நடத்தப்படும் கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் என்னும் பத்திரிகையார் 31 ரக டயர்களை எடுத்து, ஒவ்வொரு ரகத்திலும் ஒன்றில் காற்றும் ஒன்றில் நைட்ரஜனுமாக 30 பவுண்டு அடைத்து, ஒரு வருஷ காலம் வெளியில் வைத்திருந்து, பிறகு அளந்து பார்த்து, 2007-இல் முடிவை வெளியிட்டார்கள். காற்று அடைத்த டயர்களில் சராசரியாகக் குறைந்தது 3.5 பவுண்டு. நைட்ரஜன் அடைத்தவற்றில் குறைந்தது 2.2 பவுண்டு. ஒரு வருஷத்துக்கு வித்தியாசம் 1.3 பவுண்டு. பஞ்சர் கடையில் கேஜைப் பிடுங்கும்போது "புஸ்" என்று போகின்றதே, அவ்வளவுதான். தவிரவும், இந்தக் கணக்கிலிருந்து இன்னொன்றும் தெரிகின்றது. நைட்ரஜனும் குறையத்தான் செய்கின்றது. "தொட வேண்டியதில்லை" என்பது பொய்.

இரண்டாவது, நைட்ரஜன் சூட்டில் விரியாது என்பது. இது சுத்தத் தப்பு. மூடிய பாத்திரத்துக்குள் அடைபட்ட வாயு எதுவானாலும் சூடேறினால் அழுத்தம் ஏறும், ஆறினால் இறங்கும். காற்றுக்கு ஒரு சட்டம், நைட்ரஜனுக்கு ஒரு சட்டம் என்று இயற்கையில் கிடையாது. 32 பவுண்டு உள்ள டயர் 10 டிகிரி சென்டிகிரேடு சூடேறினால் ஏறக்குறைய ஒன்றரைப் பவுண்டு ஏறும். உள்ளே காற்றானாலும் ஏறும், நைட்ரஜனானாலும் ஏறும். காற்றில் ஈரம் அதிகம் கலந்திருந்தால் இன்னும் சற்றுக் கூடுதலாக ஏறும் என்பது வாஸ்தவம். அதற்கு மருந்து, கம்ப்ரஸர் தொட்டியின் அடியில் தேங்கும் தண்ணீரைக் கடைக்காரர் அடிக்கடி வடித்து விடுவதுதான். பந்தயக் கார்க்காரர்கள் உலர்ந்த வாயுவைத் தேடுவதற்குக் காரணம், அவர்களுக்குக் கால் பவுண்டு, அரைப் பவுண்டு வித்தியாசமும் வெற்றி தோல்வியாகி விடும் என்பதே. நாம் சந்தைக்கும் கல்யாணத்துக்கும் போகின்றவர்கள்.

மூன்றாவது, பெட்ரோல் மிச்சமாகும் என்பது. அமெரிக்க அரசாங்கத்தின் சாலைப் பாதுகாப்பு இலாகா 2009-இல் வெளியிட்ட பரிசோதனையில், அழுத்தம் ஒரே அளவாக இருந்தால் காற்றாலோ நைட்ரஜனாலோ டயரின் உருளும் தடையில் வித்தியாசம் ஏற்படுவதில்லை என்று கண்டிருக்கிறார்கள். அதாவது மிச்சம் செய்வது வாயு அல்ல, அழுத்தம். அந்நாட்டு அரசாங்கக் கணக்குப்படியே நான்கு டயரிலும் சராசரி ஒரு பவுண்டு குறைந்தால் மைலேஜ் 100-க்கு 0.2 பங்கு குறையும். இதைக் கொண்டு நம் வண்டிக்குக் கணக்குப் போடுவோம். வருஷத்துக்கு 12,000 கிலோமீட்டர் ஓட்டம், லிட்டருக்கு 15 கிலோமீட்டர் என்றால் 800 லிட்டர் பெட்ரோல். காற்றுக்காரன், நைட்ரஜன்காரன் இருவருமே வருஷம் முழுவதும் டயரைப் பார்க்காமலே ஓட்டினார்கள் என்று வைத்துக் கொண்டாலும், வருஷக் கடைசியில் 1.3, சராசரியில் அதில் பாதி. அதனால் நைட்ரஜன்காரனுக்கு மிச்சம் வருஷத்துக்கு ஏறக்குறைய ஒரு லிட்டர். லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தால் 100 ரூபாய் மிச்சம். சக்கரத்துக்கு 50 ரூபாய் வீதம் ஸ்டெப்னியோடு ஐந்து சக்கரத்துக்கும் அடைத்திருந்தால் செலவு 250 ரூபாய். மாதம் ஒரு முறை காற்றைச் சரி பார்க்கிறவனுக்கோ, இந்த ஒரு லிட்டர் நஷ்டமும் இல்லை. இதில் யார் புத்திசாலி என்று நீங்களே சொல்லுங்கள்.

நான்காவது, ரப்பரும் ரிம்மும் கெடாது என்பது. பிராணவாயு ரப்பரை உள்ளிருந்து மெதுவாகக் கெடுக்கின்றது என்பதும், ஈரம் இரும்பு ரிம்மைத் துருப்பிடிக்கச் செய்கின்றது என்பதும் மெய்தான். பரிசோதனைச் சாலையில் டயரை அடுப்புச் சூட்டில் வாரக் கணக்கில் வைத்துப் பார்க்கும்போது நைட்ரஜன் அடைத்த ரப்பர் குறைவாகவே கெடுகின்றது. ஆனால் டயரின் வெளிப்புறம் எங்கே இருக்கின்றது? வெயிலிலும், மழையிலும், இதே பிராணவாயுவிலுந்தானே இருக்கின்றது? தினம் ஓடும் வண்டியில் உள்தோல் கெடுவதற்கு முன் வெளிப் பட்டன் தேய்ந்து போய் விடுகின்றது. அதே டயரை மறுபடியும் மறுபடியும் ரீட்ரெட் செய்து ஓட்டும் லாரிக்காரர்களுக்கு வேண்டுமானால் இந்த லாபம் கொஞ்சம் கணக்கில் சேரலாம்.

ஐந்தாவது, எல்லாவற்றிலும் பெரியது, டயர் வெடிக்காது என்பது. இதற்கு எல்லோரும் ஆகாய விமானத்தைச் சாட்சிக்கு இழுக்கிறார்கள். "விமானத்துக்கே நைட்ரஜன்தான் அடைக்கிறார்கள்" என்று சொன்னதும் எதிரில் இருப்பவர் வாயடைத்துப் போகின்றார். சரி, விமானத்துக்கு ஏன் அடைக்கிறார்கள் என்று அவர் கேட்பதில்லை. நாம் கேட்போம்.

1986-ஆம் ஆண்டு மார்ச் 31-ஆம் தேதி மெக்சிகோ நாட்டில், மெக்சிகானா கம்பெனியின் போயிங் 727 விமானம் ஒன்று தலைநகரிலிருந்து கிளம்பிய சிறிது நேரத்துக்குள் தீப்பிடித்து மலையில் விழுந்து, அதில் இருந்த 167 பேரும் மாண்டு போனார்கள். சக்கரத்தின் பிரேக் அளவு கடந்து சூடேறி, நைட்ரஜனுக்குப் பதில் காற்று அடைக்கப்பட்டிருந்த டயர், உள்ளே இழுத்துக் கொள்ளப்பட்ட பிறகு வெடித்தது என்று விசாரணையில் தெரிந்தது. அவ்வளவு சூட்டில் டயரின் உள் ரப்பர் ஒரு வித ஆவியைக் கக்கும். அந்த ஆவி காற்றிலுள்ள பிராணவாயுவோடு சேர்ந்து வெடிமருந்து போல் பற்றிக் கொள்ளும். இதன் பிறகு, 1987-இல் அமெரிக்க விமானத்துறை, பெரிய விமானங்களின் பிரேக் உள்ள சக்கரங்களில் பிராணவாயு 100-க்கு 5 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்று உத்தரவு போட்டது. ஆகவே விமானத்துக்கு நைட்ரஜன் அவசியம் என்பதில் சந்தேகமே இல்லை. 167 உயிரைக் கொடுத்துக் கற்றுக் கொண்ட பாடம் அது.

ஆனால் விமானச் சக்கரத்தின் அழுத்தம் கார் டயரைப் போல் ஐந்தாறு மடங்கு. அது பல டன் எடையோடு அசுர வேகத்தில் தரையில் வந்து மோதி, பிரேக் பழுக்கக் காய்ந்து, சில நிமிஷங்களுக்குள் பல மைல் உயரத்துக் குளிருக்குப் போகின்றது. நம் காரின் டயர் சாலையில் வெடிப்பது இந்த மாதிரி உள்ளே தீப்பற்றியா? இல்லவே இல்லை. அது வெடிப்பதற்குக் காரணம் வேறு. அதை நன்றாகக் கேளுங்கள். இன்றைய பிரசங்கத்தில் இது ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக் கொண்டு போனாலும் போதும்.

டயரில் அழுத்தம் குறைந்தால் அதன் பக்கச் சுவர் ஒவ்வொரு சுற்றிலும் பிதுங்கி மடங்கி நிமிர்கின்றது. ஒரு கம்பியைக் கையில் எடுத்து இப்படியும் அப்படியும் மடக்கி மடக்கிப் பாருங்கள், மடங்கும் இடம் சுடும், கடைசியில் ஒடியும். டயரும் அப்படித்தான். குறைந்த காற்று, அதிகப் பாரம், அதிக வேகம், நீண்ட தூரம் இவை சேர்ந்தால் உள்ளே இருக்கும் நூலும் கம்பியும் ரப்பரும் சூட்டில் ஒன்றை விட்டு ஒன்று பிரிந்து, ஒரு நிமிஷத்தில் சிதறி விடுகின்றன. அப்பொழுது உள்ளே இருப்பது காற்றா, நைட்ரஜனா என்று டயர் பார்ப்பதில்லை. எவ்வளவு இருக்கின்றது என்பதையே பார்க்கின்றது.

இதை நாம் மட்டும் சொல்லவில்லை. அமெரிக்காவில் 2000-ஆம் ஆண்டில் டயரின் மேல் பட்டை பிரிந்து பல வண்டிகள் கவிழ்ந்து அநேகர் இறந்ததன் மேல் பெருங்கிளர்ச்சி ஏற்பட்டு, ஃபயர்ஸ்டோன் கம்பெனி சுமார் 65 லட்சம் டயர்களைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. அந்த வருஷமே அங்குச் சட்டம் செய்தார்கள். அந்தச் சட்டம் நைட்ரஜன் அடையுங்கள் என்றா சொல்லிற்று? இல்லை. டயரின் அழுத்தம் இருக்க வேண்டிய அளவில் கால் பங்கு குறைந்தால் ஓட்டுகிறவனுக்கு முன்னால் விளக்கு எரிய வேண்டும் என்று விதி ஏற்பட்டு, 2007 செப்டம்பர் முதல் அங்கு விற்கும் புதுக் கார்கள் எல்லாவற்றுக்கும் கட்டாயமாயிற்று. பிணங்களை எண்ணிப் பார்த்த பிறகு அவர்கள் தேடியது வேறு வாயுவை அல்ல. அழுத்தத்தைக் காட்டும் கருவியை.

நம் நாட்டிலோ 2019 ஜூலையில், வடக்கே யமுனா விரைவுச் சாலையில் நேர்ந்த விபத்துக்களைப் பற்றி மாநிலங்களவையில் பேச்சு வந்தபோது, சாலைப் போக்குவரத்து அமைச்சர் நிதின் கட்காரி அவர்கள், டயர்களில் காற்றுக்குப் பதில் நைட்ரஜன் அடைப்பதைக் கட்டாயமாக்க அரசாங்கம் யோசித்து வருவதாகச் சொன்னார். உயிர்ச் சேதத்தைத் தடுக்க வேண்டும் என்ற எண்ணத்தை நாம் மதிக்கின்றோம். ஆனால் அழுத்தம் குறைந்த டயருக்கு நைட்ரஜன் ஒரு பாதுகாப்பு ஆகாது. கட்டாயம் செய்வதானால் சாலைக்குச் சாலை சரியான கேஜும், ஓடுகின்ற காற்று மிஷினும், பாரம் ஏற்றுகிறவனைத் தட்டிக் கேட்கும் ஆளும் வைப்பதைக் கட்டாயம் செய்யட்டும் என்பதே நமது அபிப்பிராயம்.

நிற்க, காற்று மிஷின் என்றதும் இன்னொரு விஷயமும் சொல்ல வேண்டியிருக்கின்றது. பெட்ரோல் பங்குகளில் வண்டிக்கு இலவசமாகக் காற்று அடித்துக் கொடுக்க வேண்டும் என்பது எண்ணெய்க் கம்பெனிகள் விதித்திருக்கும் நிபந்தனைகளில் ஒன்று. ஆனால் நம் அனுபவம் என்ன? "காற்று இலவசம்" என்று போர்டு இருக்கும். கேட்டால் மிஷின் ரிப்பேர் என்பார்கள். பக்கத்திலேயே இருக்கும் நைட்ரஜன் மிஷின் மாத்திரம் ஒரு நாளும் ரிப்பேர் ஆவதில்லை! இதற்காக அங்கே வெயிலில் நின்று காற்று அடிக்கும் தோழர்களை நாம் குறை சொல்லவில்லை. அவர்கள் கூலிக்கு நிற்பவர்கள்; சொல்லச் சொன்னதைச் சொல்லுகிறார்கள். கேட்க வேண்டியது நாம். உரிமையாகக் கிடைக்க வேண்டியதைக் கேட்டு வாங்கக் கூச்சப்படுகிறவனிடம்தான் இல்லாததை எல்லாம் விற்க முடியும்.

இன்னும் நம் ஓட்டுநர் தோழர்களிடையே உலவும் ஒரு கெட்ட வழக்கத்தையும் சொல்லி விடுகின்றோம். "வெயில் காலம், டயர் வெடித்து விடும், நாலு பவுண்டு குறைத்து அடி" என்று சொல்லாதவர் உங்களில் எத்தனை பேர்? இதைப் போல் ஆபத்தான யோசனை வேறு இல்லை. சூட்டில் ஏறும் அழுத்தத்தைக் கணக்கில் வைத்துத்தான் டயர் செய்கிறார்கள். காற்றைக் குறைத்தால் டயர் அதிகமாக மடங்குகின்றது. அதிகமாக மடங்கினால் அதிகமாகச் சுடுகின்றது. வெடிக்கக் கூடாதென்று நீங்கள் செய்யும் காரியமே வெடிக்க வைக்கும் காரியமாகின்றது. அப்படியே, நீண்ட தூரம் ஓடிச் சூடேறிய டயரில் கேஜ் வைத்து, 36 காட்டுகின்றதே என்று காற்றை இறக்கி விடுவதும் தவறு. ஆறினதும் அது குறைந்து போய் நிற்கும்.

சரி, செய்ய வேண்டியது என்ன? சில நூறு ரூபாயில் ஒரு கேஜ் வாங்கி வண்டியிலேயே வைத்துக் கொள்ளுங்கள். மாதம் ஒரு முறையும், தூரப் பயணத்துக்கு முன்பும், காலையில் வண்டி எடுப்பதற்கு முன் டயர் ஆறி இருக்கும்போது அளந்து பாருங்கள். எவ்வளவு அடிப்பது என்பதை ஓட்டுகிறவர் பக்கத்துக் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் சீட்டில் பாருங்கள்; டயரின் மேல் அச்சிட்டிருப்பது அது தாங்கக் கூடிய உச்ச அளவே தவிர, நீங்கள் அடிக்க வேண்டிய அளவல்ல. ஆளும் மூட்டையும் நிறைய ஏற்றும்போது எவ்வளவு என்பதும் அநேகமாக அந்தச் சீட்டிலேயே இருக்கும். ஸ்டெப்னியை மறக்காதீர்கள், அவசரத்துக்கு எடுக்கும்போதுதான் அது சப்பையாக இருப்பது தெரியும். ஒரு டயர் மட்டும் மற்றவற்றைவிட அதிகமாகக் குறைந்திருந்தால் அதில் ஆணி இருக்கின்றதா என்று தேடுங்கள்; நம் தோழர் இதைச் செய்திருந்தால் அவருடைய குழந்தையின் கை முறிந்திராது. டயரின் பள்ளத்துக்குள் சிறு மேடு ஒன்று அடையாளமாக வைத்திருப்பார்கள். தேய்ந்து தேய்ந்து அந்த மேட்டுக்குச் சமமாகி விட்டால் பள்ளத்தின் ஆழம் 1.6 மில்லிமீட்டர்தான் என்று அர்த்தம். உடனே மாற்றி விடுங்கள். பக்கச் சுவரில் நான்கு இலக்கம் ஒன்று இருக்கும்; 2321 என்று இருந்தால் 2021-ஆம் வருஷத்தின் 23-ஆவது வாரத்தில் செய்தது என்று பொருள். பழைய டயரைப் புதிது என்று உங்கள் தலையில் கட்டாமல் இருக்க இது உதவும்.

கார் இல்லாத கிராமத்துத் தோழர்களும் இது தமக்கில்லை என்று எண்ணி விட வேண்டாம். மோட்டார் சைக்கிளுக்கும், டிராக்டர் டிரெய்லருக்கும், டயர் போட்ட மாட்டு வண்டிக்கும் நியாயம் இதுவேதான். காற்றுக் குறைந்த டயர் வண்டியை இழுக்கும் மாட்டைக் கேட்டால் அது நம்மைவிட நன்றாகப் பிரசங்கம் செய்யும்.

அப்படியானால் நைட்ரஜனே கூடாதா என்று கேட்பீர்கள். கூடாதென்று நாம் சொல்லவில்லை. அதனால் கெடுதி ஒன்றுமில்லை. இலவசமாகக் கிடைத்தாலோ, கையில் காசு மிஞ்சியிருந்தாலோ அடைத்துக் கொள்ளுங்கள். அடைத்த பிறகு வழியில் நைட்ரஜன் கிடைக்கவில்லை என்றால், "கலக்கக் கூடாதே" என்று பயந்து குறைந்த அழுத்தத்தோடு ஓட்டாதீர்கள். சாதாரணக் காற்றையே அடித்துக் கொள்ளுங்கள். இரண்டும் கலந்தால் ஒரு தீங்கும் இல்லை. காற்றே அந்தக் கலப்புத்தானே! நாம் கூடாது என்பதெல்லாம், நைட்ரஜன் அடைத்து விட்டோம் என்பதற்காகக் கேஜை மூட்டை கட்டி வைத்து விடுவதைத்தான். கேஜ் வைத்துப் பார்க்கும் காற்றுக்காரன், பார்க்காத நைட்ரஜன்காரனைவிட ஆயிரம் மடங்கு பத்திரமானவன்.

ஆகவே தோழர்களே! ஒரு பொருளை ஒருவர் புகழ்ந்து சொன்னால், அது புதிதா பழையதா, வெள்ளைக்காரன் சொன்னதா நம்மவன் சொன்னதா என்று பார்க்காதீர்கள். எவ்வளவு, யார் அளந்தது, எனக்கு அதனால் என்ன என்ற மூன்று கேள்விகளைக் கேளுங்கள். நாம் இன்று சொன்னதையும் அப்படியே நம்பி விட வேண்டியதில்லை. நாளைக் காலையில் உங்கள் வண்டியின் சக்கரத்தில் நீங்களே கேஜ் வைத்துப் பாருங்கள், எழுதி வையுங்கள், அடுத்த மாதம் மறுபடியும் பாருங்கள். அந்த இரண்டு எண்களே நம்மைவிட நன்றாக உங்களுக்கு உண்மையைச் சொல்லும்.

நமது தோழர் ஆஸ்பத்திரியில் கேட்ட கேள்விக்கு அன்று நாம் பதில் சொல்லவில்லை; கட்டுப் போட்ட குழந்தை பக்கத்தில் படுத்திருந்தது. இப்பொழுது அவரும் இந்தக் கூட்டத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறார். அவர் சட்டைப் பையில் ஒரு கேஜ் இருக்கின்றது. அதுதான் பதில்.